விலை இறங்கும், பில் இறங்காது: அதிவேக சொகுசு கார்களுக்கு ஓர் அறிமுகம்

ராத்திரி பதினொரு மணிக்கு நண்பன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். "மச்சான், இதைப் பாரு. வி8, ட்வின் டர்போ, ஐந்நூறு ஹெச்.பி. நான் புதுசா வாங்கலாம்னு இருந்த சின்ன காரோட விலைதான் கேக்குறாங்க. இதுல எங்கயாவது தப்பு இருக்கா, இல்ல எனக்கு லாட்டரி அடிச்சிருக்கா?"

பத்து வயதான ஜெர்மன் செடான். படத்தில் பளபளவென்று நின்றது. உள்ளே தோல் இருக்கை, மர வேலைப்பாடு, கதவு நிறைய ஸ்பீக்கர். ஏமாற்று வேலை எதுவும் தெரியவில்லை. அதற்காக அது லாட்டரியும் இல்லை. கேட்ட விலை நியாயமான விலைதான். ஏன் நியாயம் என்று ஃபோனில் அவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அவனிடம் முதலில் சொன்னது இது. இந்த வகைக் கார்களில் நம் மனதை இழுக்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும் பின்னால் ஒரு பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுப்பது எதுவோ, அதுவேதான் செலவும் வைக்கிறது. கார் பழசாகும்போது அதன் விலை இறங்கிக்கொண்டே போகும். ஒட்டிக்கொண்டிருக்கும் பில் மட்டும் புதுக் காரின் உயரத்திலேயே நிற்கும்.

ஒரே பெயரில் இரண்டு பிராணிகள்

'சொகுசு', 'அதிவேகம்' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டும் எதிரெதிர் திசையில் இழுப்பவை. வேகத்துக்கு எடை குறைய வேண்டும். சொகுசு என்றாலே எடை: ஒலித்தடுப்புப் பொருள், இருக்கையை நகர்த்தும் மோட்டார்கள், தடித்த கண்ணாடி, தோல்.

1987ல் வந்த ஃபெராரி எஃப்40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மணிக்கு 324 கிலோமீட்டர் ஓடிய கார். உள்ளே ரேடியோ கிடையாது, தரை விரிப்பு கிடையாது, கதவைத் திறக்கக் கைப்பிடிகூடக் கிடையாது. ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் 2003ல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி. அதுவும் கிட்டத்தட்ட அதே வேகம், மணிக்கு 318 கி.மீ. ஆனால் எடை 2.3 டன்னுக்கு மேல், எஃப்40ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த எடையை இழுக்க 6 லிட்டர், 12 சிலிண்டர், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இரண்டு. நிறுத்த, முன் சக்கரங்களில் 405 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிரேக் டிஸ்க். பல சாதாரண கார்களின் வீலே அந்த அளவுதான் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருவது வேகமான செடான் வகை. பி.எம்.டபிள்யூ.வின் எம்5, ஆடியின் ஆர்.எஸ். கார்கள், மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. இதெல்லாம் அந்தக் குடும்பம். 1967ல் ஆஃப்ரெக்ட், மெல்ஹர் என்ற இரண்டு இன்ஜினியர்கள் தொடங்கியது ஏ.எம்.ஜி. முதல் இரண்டு எழுத்து அவர்கள் பெயர், மூன்றாவது ஆஃப்ரெக்ட் பிறந்த க்ரோஸாஸ்பாக் என்ற ஊரின் பெயர். அதன் பெரிய இன்ஜின்களை ஒரே ஆள் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கையால் பூட்டி, தன் கையெழுத்துத் தகட்டை மேலே பொருத்துவார். பானெட்டைத் திறந்தால் ஒரு மனிதரின் பெயர் கண்ணில் படும். அழகான பழக்கம்தான். ஒரு ஆள் கையால் பூட்டியதைப் பிரித்து மறுபடி பூட்டவும் அப்படியொரு கை வேண்டும் என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எதுதான் இழுக்கிறது?

முதலில் பிக்கப். 0 முதல் 100 கி.மீ. வரை மூன்று விநாடி என்று விளம்பரத்தில் படிக்கும்போது அது வெறும் எண். இப்படிப் பாருங்கள்: உயரத்திலிருந்து கீழே விழும் ஒரு பொருள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 2.8 விநாடி ஆகும். அதாவது மூன்று விநாடிக் கார் என்பது, கிட்டத்தட்ட மாடியிலிருந்து விழுவதைப் படுக்கைவாட்டில் செய்து காட்டுவது. வயிற்றில் ஏதோ எழும்புவதும், கழுத்து இருக்கையோடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். ஒருமுறை இப்படியொரு காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. சிரிப்புதான் வந்தது, அதுவும் நான் சிரிக்க நினைத்து வந்த சிரிப்பல்ல.

அடுத்தது சத்தம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் பைத்தியங்கள் பாதிப்பேர் உண்மையில் சத்தப் பைத்தியங்கள். அமெரிக்க வி8 குடுகுடுவென்று உறுமும், ஃபெராரி வி8 கிறீச்சென்று உச்சஸ்தாயியில் பாடும். இரண்டிலும் வி வடிவத்தில் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்தான், வித்தியாசம் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டில் இருக்கிறது. அமெரிக்க வி8இன் கிராங்கை முனையிலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும். ஃபெராரியுடையது ஒரே கோடு போல, 180 டிகிரியில் இருக்கும். கூட்டல் குறி வடிவத்தில் இன்ஜின் அதிராமல் மிருதுவாக ஓடும், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் வெடிப்புகளின் இடைவெளி சீராக இருக்காது. அந்தச் சீரின்மைதான் குடுகுடு. ஒரே கோடு வடிவத்தில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறிச் சீராக வெடிக்கும். கிராங்க் லேசாக இருப்பதால் ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, சட்டென்று ஏறும், அதிர்வும் கூடவே ஏறும்.

சத்தத்துக்காகவே நினைவில் நிற்கும் இன்னொரு கார் லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. 2010 முதல் 2012 வரை 500 கார்கள் மட்டும் செய்தார்கள். 4.8 லிட்டர் வி10. இன்ஜின் சும்மா ஓடும் நிலையிலிருந்து 9,000 ஆர்.பி.எம். வரை 0.6 விநாடியில் ஏறும். முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். ஒலியைச் சீர்செய்தது யமஹா, வாத்தியங்கள் செய்யும் அதே யமஹாதான்.

மூன்றாவதாகக் கதை. டிராக்டர் செய்துகொண்டிருந்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1963ல் கார் நிறுவனம் தொடங்கி, மூன்றே வருடத்தில் மியூராவைக் கொண்டுவந்தார். இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால், குறுக்குவாட்டில். இன்று நாம் சூப்பர் கார் என்றதும் மனதில் வரும் உருவம் அங்கிருந்துதான் கிளைத்தது. போர்ஷே 911இன் பெயர் முதலில் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்கு உரியவை என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பூஜோ ஆட்சேபிக்கவே, 1964ல் 911 ஆயிற்று. இப்படி ஒவ்வொரு காருக்கும் ஒரு வம்சாவளி உண்டு. வாங்குபவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். கௌரவத்துக்காக வாங்குபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வேகம் என்றால் சூடு

இனி செலவு. அதன் ஆணிவேர் இயற்பியலில் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியில் கூடும். அதை எதிர்த்து ஓடத் தேவையான திறன் முப்படியில் கூடும். 200 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை 400இல் ஓட்ட, காற்றை வெல்வதற்கு மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். 2005ல் வந்த புகாட்டி வேரோன் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய கார். 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ, 1,001 ஹெச்.பி., மணிக்கு 407 கி.மீ. பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். மீதி சூடாகத்தான் போகும். அப்படியென்றால் இந்த இன்ஜின் முழு மூச்சில் ஓடும்போது இரண்டாயிரம் ஹெச்.பி. அளவுக்கு வெப்பத்தை எங்காவது கொட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காரில் பத்து ரேடியேட்டர். உச்ச வேகத்தில் 100 லிட்டர் டாங்க் சுமார் 12 நிமிடத்தில் காலியாகிவிடும்.

நிறுத்துவதும் இதே கதைதான். 1,600 கிலோ எடையுள்ள கார் 300 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்கில் உண்டாகும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் 19 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதே கார் 100இல் இருந்து நின்றால் இரண்டு லிட்டர்தான். வேகம் மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு. 19 லிட்டரைக் கொதிக்கவைக்க அடுப்பில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசியுங்கள். பிரேக் டிஸ்க் அதைச் சில விநாடியில் விழுங்கியாக வேண்டும்.

இரும்பு டிஸ்க் திரும்பத் திரும்ப இப்படிச் சூடானால் களைத்துப் போகும், மிதித்தால் பிடிக்காது. அதற்கு மாற்றாக வந்ததுதான் கார்பன் செராமிக் டிஸ்க். போர்ஷே 2001ல் 911 ஜி.டி.2இல் இதைக் கொண்டுவந்தது. இரும்பில் ஏறக்குறைய பாதி எடை, சூட்டுக்கு அசையாது, சாலையில் மட்டும் ஓட்டினால் பல வருடம் வரும். ஆனால் மாற்ற வேண்டி வந்தால், நான்கு டிஸ்குக்கும் சேர்த்து ஒரு சின்ன காரின் விலையை நெருங்கிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது கனமான வீல் நழுவி டிஸ்கின் விளிம்பில் இடித்தால் அது சில்லாகப் பெயர்ந்துவிடும். தெரிந்த மெக்கானிக் முதலில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் நீளமான வழிகாட்டிக் கம்பியைத் திருகிவிட்டுத்தான் மற்ற போல்ட்டுகளில் கை வைப்பார். வீல் அந்தக் கம்பியின் மேல் சறுக்கி நேராக வெளியே வரும். தெருமுனைப் பஞ்சர் கடையில் இந்தக் கம்பி இருக்காது.

டயர் விஷயம் இன்னும் எளிமையானது. பிடிமானம் வேண்டுமென்றால் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். சாதாரண டயர் 40,000 கி.மீ. தாண்டும் இடத்தில் இது 15,000க்குள் வழுக்கையாகிவிடலாம். கால் அழுத்தமானவர் என்றால் அதுவும் வராது. முன்சக்கரம் ஓர் அளவு, பின்சக்கரம் இன்னோர் அளவு என்பதால், முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டும் வழக்கமான தந்திரமும் நடக்காது.

நாடா சின்னது, வேலை பெரிது

சர்வீஸ் ஏன் இவ்வளவு ஆகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஃபெராரி எஃப்355. 1994 முதல் 1999 வரை வந்த கார். 3.5 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு, அதனால்தான் 355. இன்ஜின் நடுவில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வெறும் ரப்பர் நாடா. ரப்பர், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வயதாகும். அதனால் கி.மீ. கணக்கு என்னவாக இருந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விட்டு அறுந்தால், மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் போய் இடிக்கும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது.

நாடா விலை அதிகமில்லை. ஆனால் அது இன்ஜினின் முன்முகத்தில் இருக்கிறது. அந்த முகத்துக்கும் ஓட்டுநர் அறைச் சுவருக்கும் நடுவே கை நுழையாது. ஒரே வழி: காரை லிஃப்டில் ஏற்றி, எக்ஸாஸ்ட், குளிரூட்டும் குழாய்கள், ஒயர்கள், ஆக்ஸில் எல்லாவற்றையும் பிரித்து, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் அவற்றைத் தாங்கும் சட்டத்தோடு சேர்த்துக் கீழே இறக்குவது. இன்ஜின் கீழே ஒரு வண்டிமேல் உட்கார்ந்திருக்க, கார் பின்பக்கம் காலியாக மேலே தொங்கும். பிறகு நாடாவை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் பழையபடி பூட்ட வேண்டும். நாள்கணக்கில் ஆகும் வேலை. "இவ்வளவு இறக்கியாச்சு, அந்த வாட்டர் பம்பையும் பார்த்துடலாமே, கிளட்சையும் பார்த்துடலாமே" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். அது ஏமாற்றுப் பேச்சும் அல்ல. மறுபடி ஒருமுறை இறக்குவதைவிட இப்போதே செய்வது மலிவு. பில் மட்டும் கேட்டதைப் போல இரண்டு மடங்காகியிருக்கும்.

ஃபெராரிக்கும் இது தெரியும். அடுத்து வந்த 360இல் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து பெல்ட்டை மாற்ற வழி செய்தார்கள். அதற்கடுத்த எஃப்430இல் நாடாவே இல்லை, செயின். ஒரே நிறுவனம், அடுத்தடுத்து மூன்று மாடல். ஆனால் வைத்திருப்பவரின் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பிராண்ட் பெயரை வைத்துச் செலவைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விசித்திரமான எல்லைக்குப் போனால் மெக்லாரன் எஃப்1. 1992ல் அறிமுகமாகி, மொத்தம் 106தான் செய்யப்பட்டது. நடுவில் ஓட்டுநர், இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பேர். இன்ஜின் அறையில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பத் தங்கத் தகடு ஒட்டியிருக்கும். இந்தக் காரை கம்ப்யூட்டரோடு இணைத்துப் பரிசோதிக்கத் தொண்ணூறுகளின் குறிப்பிட்ட ஒரு காம்பேக் லேப்டாப்தான் பேசும். அதனால் அந்தப் பழைய லேப்டாப்புகளை மெக்லாரன் இரண்டாயிரத்துப் பத்துகளிலும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது.

சொகுசுப் பக்கத்திலும் இதே நிலைதான், சற்று அமைதியாக நடக்கும். ஏர் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. சில வருடத்தில் ரப்பரில் வெடிப்பு விழும். காலையில் வந்து பார்த்தால் கார் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பை கசிகிறது என்று தெரிந்தும் ஓட்டிக்கொண்டே இருந்தால், காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். ஒரு பையின் செலவு இரண்டாகிவிடும். மின்சாரத்தில் தானாக மூடும் கதவு, மசாஜ் செய்யும் இருக்கை, நெளிந்து மடங்கும் கூரை இவற்றிலெல்லாம் மோட்டார் இருக்கிறது. மோட்டார் என்றால் ஒருநாள் நிற்கும்.

இடித்துவிட்டால்? பாடி அலுமினியம் என்றால், சரிசெய்யத் தனி இடம், தனிக் கருவிகள் வேண்டும். இரும்புத் தூள் அலுமினியத்தில் ஒட்டினாலே அரிப்பு தொடங்கிவிடும் என்பதால், ஒழுங்கான பட்டறைகளில் அந்த வேலைக்கென்று தனி அறையே இருக்கும். கார்பன் ஃபைபர் கூடு என்றால் நிலைமை இன்னும் நுட்பமானது. தட்டி நிமிர்த்த அது தகரமல்ல. வெளியே கீறல் சின்னதாகத் தெரியும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.

ஆகப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாது

எல்லாரும் முதலில் கேட்பது மைலேஜ். அதுதான் இருப்பதிலேயே சின்னக் கவலை. வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கி.மீ. ஓடும் காருக்கு லிட்டருக்கு ஐந்து கி.மீ. கிடைத்தால் என்ன, ஆறு கிடைத்தால் என்ன? உயர் ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும், அவ்வளவே. இன்சூரன்ஸ் கூடுதலாக ஆகும். ரேஸ் டிராக்கில் ஓட்டி இடித்தால் பெரும்பாலான பாலிசிகள் கைவிரித்துவிடும். வரி நாட்டுக்கு நாடு மாறும். ஃபெராரியும் லம்போர்கினியும் பிறந்த இத்தாலியிலேயே, இன்ஜின் திறனில் 185 கிலோவாட்டைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் வருடத்துக்கு 20 யூரோ என்று 2012 முதல் ஒரு கூடுதல் வரி இருக்கிறது. கார் பழசாகப் பழசாகக் குறையும்.

இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்டிப்பிடிக்காத செலவு ஒன்று உண்டு: மதிப்புத் தேய்மானம். பில் வராது, ஆள் வந்து கேட்கமாட்டார், விற்கப்போகும் அன்றுதான் தெரியும்.

நண்பனின் செடானுக்கே வருவோம். புதிதாக அது 100 என்று வைத்துக்கொள்வோம். பெரிய சொகுசு செடான்கள் பத்து வருடத்தில் 20க்கு வந்து நிற்பது சர்வ சாதாரணம். முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுபவர்கள், அவர்களுக்கு அடுத்த மாடலின் பெரிய திரைதான் வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்குச் சர்வீஸ் பயம். அந்தப் பயமும் சேர்ந்துதான் விலை. சரி, இப்போது ஏர் சஸ்பென்ஷனின் ஒரு மூலை போகிறது. புதிதில் காரின் விலையில் அது 2 சதவீதம். யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். பத்து வருடம் கழித்தும் அந்தப் பாகத்தின் விலை அதே 2தான், ஆனால் கார் இப்போது 20. பத்தில் ஒரு பங்கு! ஒரு மூலைக்கே இப்படி. நான்கு மூலையும், கூடவே பிரேக்கும் என்றால் கார் விலையில் பாதி போய்விடும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். யானை விலை குறைந்து விற்றாலும் அது தின்னும் கரும்பின் அளவு குறைவதில்லை.

எல்லாக் காரும் இறங்குவதில்லை என்று உடனே சொல்வார்கள். உண்மைதான். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வில் ஒன்று 2018 ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. மெக்லாரன் எஃப்1 ஒன்று 2021ல் 2 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் இந்த எஃப்1, புதிதாக வந்தபோது எதிர்பார்த்த அளவு விற்காத கார் என்பதை மறந்துவிடுகிறோம். எது ஏறும் என்று அன்றைக்குத் தெரிந்தவர் அதிகம் பேர் இல்லை. எண்ணிக்கை குறைவு, கையால் போடும் கியர், டர்போ இல்லாத இன்ஜின், ஒரு யுகத்தின் கடைசிக் கார் என்ற பெயர், இவை இருந்தால் மதிப்பு நிற்க வாய்ப்பு அதிகம். 'முதலீடு' என்று சொல்லிக் கார் வாங்குபவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்கிறார் என்பது என் ஊகம்.

மின்சார கார்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கின்றன. மூன்று விநாடிக்குள் 100ஐத் தொடும் பிக்கப் இன்று குடும்ப கார்களிலேயே கிடைக்கிறது. வெறும் பிக்கப்புக்கு இருந்த மவுசு இறங்க, சத்தத்துக்கும் கியர் போடும் கைக்கும் மவுசு ஏறியிருக்கிறது.

ஓட்டாமல் வைப்பதும் செலவுதான்

செலவைக் குறைக்க, ஓட்டாமல் மூடி வைத்துவிடலாம் என்று தோன்றும். அதிகம் பேர் செய்யும் தவறு இது. நின்றுகொண்டே இருக்கும் காரில் பெட்ரோல் கெடும், ரப்பர் சீல்கள் காயும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும், இரும்பு டிஸ்கில் துரு படியும். அலாரமும் கம்ப்யூட்டர்களும் தூங்கும்போதுகூட பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில 911களில் பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருக்கிறது, அந்த டிக்கியோ மின்சாரத்தில்தான் திறக்கும். பேட்டரி செத்தால் பேட்டரியை எடுக்கவே வழியில்லை. ஓட்டுநர் காலடியிலுள்ள ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து, வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் திறக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் சுவரில் ஒரு சின்ன சார்ஜரை மாட்டி, காரை எப்போதும் அதோடு இணைத்தே வைக்கிறார்கள்.

ஓட்டும்போதும் ஒரு பொறுமை வேண்டும். எண்ணெய் சூடேறாமல் இன்ஜினை அலறவிடக் கூடாது. பழைய பி.எம்.டபிள்யூ. எம் கார்கள் சிலவற்றின் ஆர்.பி.எம். மீட்டரில் சின்ன விளக்குகள் வரிசையாக எரியும். எண்ணெய் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணைந்து, இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் என்று அனுமதி கொடுக்கும். அந்த விளக்குகள் அணையும்வரை காத்திருந்தவருடைய காரை வாங்கலாம். அவர் காத்திருந்தாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

சிலவற்றைக் காரே சொல்லிவிடும். போர்ஷேயின் கம்ப்யூட்டர், இன்ஜின் எத்தனை முறை வரம்பு மீறிச் சுற்றியது என்பதை ஆறு நிலைகளாகப் பிரித்துக் குறித்துவைக்கிறது. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போகப் பார்த்து, கை தவறி இரண்டாவதில் போட்டுவிட்டால், சக்கரம் இன்ஜினைப் பிடித்துச் சுழற்றிவிடும். இன்ஜின் வேகத்துக்கு வரம்பு கட்டும் எந்த லிமிட்டரும் அதைத் தடுக்காது. உரிமையாளர் மறந்தாலும் அந்தப் பதிவு மறக்காது. பழைய ஃபெராரிகளில் வந்த, கிளட்ச் மிதியே இல்லாத 'எஃப்1' கியர் பாக்ஸில் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று கருவி மாட்டிப் படிக்கலாம். வாங்குவதற்கு முன் அந்த மாடலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி இவற்றைப் படித்துவிட வேண்டும். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் பின்னால் அதைப் போலப் பல மடங்கு கட்டுகிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் இருந்தால் மட்டும் போதாது, பில்களும் வேண்டும். பில்லில்தான் என்ன மாற்றினார்கள் என்று இருக்கும்.

நண்பன் மறுநாளே அந்த செடானைப் பார்க்கக் கிளம்பினான், என்னையும் கூப்பிட்டான். விற்பவர் நல்ல மனிதர்தான். ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவினேன். அங்கே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு, டயர் செய்யப்பட்ட வாரம். கடைசி இரண்டு, வருடம். முன்பக்க டயர் இரண்டும் ஒன்பது வயது. பின்பக்கம் இடப்புறம் ஒரு கம்பெனி, வலப்புறம் வேறொரு கம்பெனி.

நண்பனைப் பார்த்தேன். அவன் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?" என்று விற்பவரைக் கேட்டான். வி8 ஒரு முறை இருமிவிட்டு உறுமியது. அதற்குப் பிறகு டயரைப் பற்றி நான் சொன்னது எதுவும் அவன் காதில் விழவில்லை.